நள்ளிரவு திடலில், காலை அரங்கத்தில்

கோலாலம்பூரில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்கிறேன். என் குழுக்களில் பள்ளிப் பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பயணிகளும் அதிகம். டத்தாரான் மெர்டேக்காவில், அதாவது சுதந்திரச் சதுக்கத்தில், பஸ்ஸைவிட்டு இறங்கியதும், மலாயாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானைப் பற்றி யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “துங்கு இங்கே நின்றுதானே சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார்?”

இல்லை. ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் குழுவிலிருந்த முதியவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, “தம்பி, நான் அன்று காலை அரங்கத்தில் இருந்தேன். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்” என்றார். அன்றிரவே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

நடந்தது இதுதான். 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி இரவு மக்கள் இந்தத் திடலில் கூடினார்கள். நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் விளக்குகள் அணைக்கப்பட்டன. வெளிச்சம் திரும்பியதும் பிரிட்டிஷ் கொடி இறங்கியது, மலாயாவின் கொடி ஏறியது. விடிந்த பிறகு, ஆகஸ்ட் 31 காலையில், மெர்டேக்கா அரங்கத்தில்தான் துங்கு அப்துல் ரஹ்மான் பிரகடனத்தை வாசித்தார். “மெர்டேக்கா” என்று ஏழு முறை முழங்கியதும் அங்கேதான். எந்தத் தேதியில் சுதந்திரம் என்பதை அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியிலேயே மலாக்காவில் அவர் அறிவித்திருந்தார். ஆக, ஒரே விடுதலைக்கு மூன்று இடங்கள்.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். அப்போது இது டத்தாரான் மெர்டேக்கா அல்ல, வெறும் பாடாங். கிரிக்கெட் ஆடிய புல்வெளி. இன்றைய பெயர் 1990இல்தான் வந்தது. தெற்கு முனையில் 95 மீட்டர் உயரக் கொடிமரம் நிற்கிறது. எல்லாரும் அண்ணாந்து அதைப் பார்க்கிறார்கள். அதன் அருகே தரையில் பதித்திருக்கும் வட்டமான கறுப்புப் பளிங்குக் கல்லைப் பார்ப்பவர் குறைவு. சுதந்திர மலாயாவின் கொடி முதன்முதலாக ஏறிய இடத்தைக் குறிக்கும் கல் அது. பிள்ளைகள் அதன்மேல் ஓடிக் கடந்துவிடுவார்கள். நான் அவர்களைத் திரும்ப அழைத்து, சுற்றி உட்காரச் சொல்லி, மேலே சொன்ன கதையை அங்கேதான் சொல்கிறேன்.

திடலின் கிழக்கே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைப் பார்த்து, அரண்மனையா மசூதியா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை, ஆங்கிலேய ஆட்சியின் அரசு அலுவலகங்களுக்காக 1894இல் தொடங்கி 1897இல் முடித்த கட்டடம். கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன் முதலில் ஐரோப்பியப் பாணியில் வரைந்ததைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஸ்பூனர் ஏற்கவில்லை. இந்தியாவில் ஆங்கிலேயர் கட்டிக்கொண்டிருந்த குவிமாடப் பாணி வேண்டும் என்றார். அதனால்தான் செப்புக் குவிமாடங்களும் செங்கல்லும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி வரும் வளைவுகளும். தமிழ்நாட்டுப் பயணிகள் இதைப் பார்த்ததும் சென்னை உயர் நீதிமன்றத்தை நினைத்துக்கொள்வது தற்செயல் அல்ல, இரண்டும் ஒரே காலத்துப் பாணி. கட்டடத்துக்குப் பின்னால் போனால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் முனை தெரியும். ஊருக்குக் ‘கோலாலம்பூர்’, அதாவது சேற்றுக் கூடல், என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அந்த முனையில் 1909இல் எழுந்தது ஜாமேக் பள்ளிவாசல்.

எதிரே, மேற்கில், 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப். வடக்கே செயின்ட் மேரி தேவாலயம்.

ஆசிரியர்களிடமும் பயணத் திட்டம் போடுபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மெர்டேக்கா அரங்கத்தை விட்டுவிடாதீர்கள். பெட்டாலிங் ஸ்ட்ரீட் வழியாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். முகமது அலி 1975இல் குத்துச்சண்டை போட்டதும் அங்கேதான். இன்று அதன் பக்கத்தில் 118 மாடிக் கோபுரம் எழுந்து நிற்க, எல்லாருடைய கண்ணும் கேமராவும் கோபுரத்தின் பக்கமே போகின்றன.

திடலுக்கு மாலை நான்கு மணிக்குமேல் வாருங்கள். மேற்கு வெயில் செங்கல் முகப்பில் நேராக விழும் நேரம் அது. காலையில் கட்டடம் நிழலில் கிடக்கும். இருட்டி விளக்குகள் எரியும்வரை கறுப்புக் கல்லின் பக்கத்தில் இருங்கள். மறுநாள் காலை அரங்கத்துக்குப் போங்கள். 1957இல் மக்கள் போனதும் அந்த வரிசையில்தான்.