பழைய காரை எடைக்குப் போடும் முன்: 50 வருஷ வண்டிக்கு விண்டேஜ் பதிவு

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டோ பழைய ஃபியட்டோ தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். 15 வருஷம் தாண்டிய வண்டியை எல்லாம் கவர்மென்ட் உடைக்கச் சொல்லிவிட்டது என்று யாராவது சொல்வார்கள், உடனே காயலான் கடைக்காரருக்குப் போன் போய்விடும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்தக் காரை உடைத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் எந்த விதியும் இல்லை. 15 வருஷத்தில் முடிவது பதிவின் செல்லுபடிதான். வண்டி தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 2023 ஏப்ரல் முதல் 15 வருஷத்தோடு கட்டாயமாக ஒழித்துக்கட்டப்படுவது அரசுத்துறை வண்டிகள்தான். டெல்லி வட்டாரத்தில் இருக்கும் கெடுபிடி நீதிமன்ற உத்தரவுகளால் வந்தது, அதை இங்கே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு என்ன வழி? 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் 81ஜி வரை சேர்த்தார்கள், விண்டேஜ் வாகனத்துக்கென்றே ஒரு தனிப்பதிவு. முதல் பதிவு நடந்த நாளிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிக்கும் இதே கணக்குதான். கார் மட்டும் இல்லை, பழைய ஜாவா, புல்லட், லேம்ப்ரெட்டா போன்ற இருசக்கர வண்டிகளும் இதில் வரும். லாரி, பஸ் வராது.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில், படிவம் 20. கூடவே இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டி என்றால் சுங்க ஆவணம், அப்புறம் கட்டணம் 20,000 ரூபாய். 60 நாளுக்குள் படிவம் 23ஏ-வில் பதிவுச் சான்று தர வேண்டும் என்பது விதி. பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி என்றால் அந்தப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்.ஒய். என்று ஆரம்பிக்கும் அந்தக் காலத்து மெட்ராஸ் நம்பருக்காகவே வண்டியைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பெரிய விஷயம். புதிதாக நம்பர் வாங்கினால் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்று வரும்.

இந்தப் பதிவு வாங்கிவிட்டு அதே வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்குப் போய் வர மட்டும்தான் ரோட்டில் ஓட்டலாம். வாடகைக்கு விடவே கூடாது. விற்றால் 90 நாளுக்குள் விற்றவரும் வாங்கியவரும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. நம் ஊரில் பழைய அம்பாசடர் நிறைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினோடு ஓடியவை. டீசல் மலிவாக இருந்த காலம், செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வண்டியை விண்டேஜ் என்று கொண்டுபோனால் கேள்வி வரும். அதைச் சரிசெய்ய அதே மாடலின் பெட்ரோல் இன்ஜின் வேண்டும், அது இன்று எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது. ஓடாமல் கிடக்கும் இன்னொரு வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதனால்தான் இனி ஓடவே ஓடாது என்று தோன்றும் வண்டிகூட முக்கியம் என்கிறேன். ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி அறுபதுகளில் கட்டிய கார். அதன் பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் முகப்பும் ஒரே துண்டாகச் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும், சக்கர வளைவில் துரு அரித்துவிட்டால் சாதாரண டிங்கரிங்கில் அந்த வளைவை மறுபடி கொண்டுவருவது பெரும்பாடு. தரை முழுக்க ஓட்டையான ஒரு ஹெரால்டில் அந்த முன்பக்கம் மட்டும் நன்றாக இருந்தால் இன்னொரு ஹெரால்டு பிழைத்துவிடும். கதவுக் கைப்பிடி, முக்கோணக் கண்ணாடி, மீட்டர், டெயில் லேம்ப் என்று எடைக்குப் போட்டால் நூறு ரூபாய் தேறாத சாமான்களுக்காகச் சென்னைப் புதுப்பேட்டை பழைய உதிரிச் சாமான் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

இதில் சட்டம் சும்மா இல்லை, கவனமாக இருங்கள். உதிரிக்காக வைத்திருக்கும் வண்டிக்கு விண்டேஜ் விதியில் இடமே கிடையாது, அது முழு வண்டிக்கானது. 2025 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகளின்படி, செல்லுபடியான பதிவு இல்லாத வண்டி ஆயுள் முடிந்த வண்டிதான், அதன் உரிமையாளர் 180 நாளுக்குள் அதை அரசுப் பதிவு பெற்ற உடைப்பு மையம் போன்ற இடத்தில் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஷெட்டில் இருப்பதை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். சேசிஸ் நம்பர் தெளிவாக இருந்து ஆர்.சி.யும் இருக்கிற வண்டியை வண்டியாகவே காப்பாற்றுங்கள், பதிவுக்கு விண்ணப்பியுங்கள். ஆர்.சி. தாத்தா பேரில் இருந்தால் வாரிசு மாற்றத்துக்குப் படிவம் 31, ஆர்.சி. தொலைந்திருந்தால் நகலுக்குப் படிவம் 26. மிச்சம் தேறாதது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவின்படி, இனி பயன்படாத நிலைக்குப் போய்விட்டதாக 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். கழற்றிய இன்ஜினை வேறு வண்டியில் ஏற்றினால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை அந்த வண்டியின் ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். ஒரு வண்டியின் சேசிஸ் நம்பரை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவது, செத்த வண்டியின் ஆர்.சி.யை வேறு வண்டிக்கு மாட்டுவது, இதெல்லாம் குற்றம். அப்படித் தேற்றித் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

50 வருஷம் ஆகாத வண்டிகள்தான் எனக்குப் பெரிய கவலை. எண்பதுகளின் மாருதி 800, கான்டசா, ஸ்டாண்டர்டு 2000 எல்லாம் இந்த விதிக்குள் வர இன்னும் பல வருஷம் இருக்கிறது. அதுவரை சாதாரண முறையில் படிவம் 25 கொடுத்துப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும், தகுதிச் சோதனை, பசுமை வரி எல்லாம் உண்டு. 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000-லிருந்து 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள், வெளிநாட்டுக் காருக்கு 80,000. பிடித்தமான வண்டியை ஆசையாகக் காப்பாற்றும் சாதாரண ஆளுக்கு இது பாரம்தான். 30 வருஷம் தாண்டிய, அதிகம் ஓடாத வண்டிக்கு இடையில் ஒரு வகுப்பு கொண்டுவந்தால் எத்தனையோ வண்டி பிழைக்கும்.

எல்லாம் யோசித்த பிறகும் உடைக்கத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்திலேயே கொடுங்கள். அவர்கள் தரும் வைப்புச் சான்றிதழைக் காட்டினால் புதுச் சொந்தக் கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை கொடுக்க மத்திய விதி இடம் தருகிறது. ஆனால் உடைப்புச் சான்று வந்து பதிவு ரத்தாகிவிட்டால் பிறகு யார் கேட்டாலும் அந்த வண்டியைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் மாடல், வருஷம், ஆர்.சி. நிலவரம், நாலு பக்கப் போட்டோ இவற்றை மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய கார் ஆர்வலர்களுக்கு அனுப்பி, ஒரு வாரம் காத்திருங்கள். எடைக்கு வரும் காசைவிட நல்ல விலை சொல்லி, பேர் மாற்ற படிவம் 29, 30-ஐயும் தாங்களே எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.