பிடித்து நிறுத்தினால் நடக்கிறார், தானாக ஏன் எழ முடியவில்லை?

பக்கவாதம் வந்த அப்பாவைத் தூக்கி நிறுத்திவிட்டால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்துவிடுகிறார், ஆனால் நாற்காலியிலிருந்து தானாக எழ முடியவில்லை, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எழுவது நடப்பதைவிடக் கடினமான வேலை. சமதரையில் நடக்கும்போது, எடை தாங்கும் காலின் முழங்கால் 15, 20 பாகைதான் மடங்கும். எழும்போதோ 90 பாகைக்கு மேல் மடங்கிய முழங்காலை நிமிர்த்தி, உடல் முழுவதையும் தூக்கியாக வேண்டும்.

தொடைத் தசைக்குப் பலமில்லை, அதனால்தான் எழ முடியவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. எழுவது தொடங்குமிடம் கணுக்கால்.

கால்களை முன்னால் நீட்டி, முதுகை நேராக வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள். எவ்வளவு பலசாலியாலும் முடியாது. உடலின் எடைமையம் இருக்கையின் மேல் இருக்கிறது, பாதமோ எங்கோ முன்னால். இப்போது குதிகால்களை முழங்காலுக்கு நேர்கீழிலிருந்து 10 செ.மீ. பின்னால் இழுத்துக்கொண்டு, தோள்கள் கால்விரல்களுக்கு நேர்மேலே வரும்வரை குனியுங்கள். பிட்டம் தானாகவே இலேசாகிவிடும். குனிந்தபோது மேலுடலுக்குக் கிடைத்த முன்னோக்கிய வேகத்தைக் கால்கள் வாங்கி, மேல்நோக்கித் திருப்புகின்றன.

இங்கேதான் அந்த அழகான நுட்பம். பிட்டம் இருக்கையைவிட்டு எழும்புமுன்பே, கணைக்காலின் முன்புறம் இருக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் என்ற தசை இறுகிவிடுகிறது. பாதம் தரையில் ஊன்றியிருப்பதால் அதனால் பாதத்தைத் தூக்க முடியாது. மாறாக, கணைக்கால் எலும்பைப் பாதத்தின் மேல் முன்னோக்கிச் சாய்க்கிறது. முழங்கால் முன்னே நகர்கிறது, எடை பாதத்தின் மேல் வந்து இறங்குகிறது. பிறகுதான் தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் உடலைத் தூக்குகின்றன. கடைசியாகக் கெண்டைக்காலின் சோலியஸ் தசை, உடல் முன்னால் கவிழ்ந்துவிடாமல் பிரேக் போடுகிறது.

பக்கவாதத்தில் இந்த வரிசை குலைகிறது. டிபியாலிஸுக்குக் கட்டளை வருவதில்லை, அல்லது பலவீனமாக வருகிறது. சோலியஸோ முறைக்கு முன்பே இறுகி, கணைக்காலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. உடல் பின்னால் சாய, நோயாளி நல்ல காலையே நம்பி எழப் பார்க்கிறார். பழகப் பழக, பலவீனமான கால் வேலையையே விட்டுவிடுகிறது.

முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சுமார் 40 செ.மீ. என்று கொண்டால், குதிகாலை 10 செ.மீ. பின்னிழுக்கக் கணுக்கால் ஏறக்குறைய 15 பாகை மடங்க வேண்டும். சோலியஸ் சுருங்கிவிட்டால் அந்த 15 பாகை கிடைக்காது. குதிகால் தரையைவிட்டு எழும்பும். சோலியஸ் முழங்காலைத் தாண்டிச் செல்லாத தசை. அதனால் காலை நீட்டிவைத்துக் கொடுக்கும் இழுவைப் பயிற்சி மட்டும் இதற்குப் போதாது, முழங்காலை மடக்கிவைத்தும் நீட்டவேண்டும்.

வீட்டில் நடக்கும் பெரிய தவறு, அக்குளில் கைகொடுத்து மேலே தூக்குவது. உடல் முன்னே வருவதற்குள் மேலே இழுபடுகிறது. பக்கவாதத்தில் தளர்ந்த தோள்மூட்டும் இடம் நழுவக்கூடும். பலவீனமான பக்கத்தில் நின்று, அந்தக் குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, "மூக்கு முன்னாடி வரட்டும்" என்று சொல்வதே நல்ல உதவி. முழங்கால் மடங்கிவிடாதபடி ஒரு கையால் தாங்கலாம்.

வழக்கமான 45 செ.மீ. நாற்காலியில் முடியவில்லையா? கெட்டியான பலகை வைத்து 55 செ.மீ. ஆக்குங்கள். இருக்கை உயர உயர, முழங்கால் சுமக்கும் பாரம் குறையும். எளிதாக எழத் தொடங்கியதும் 2, 3 செ.மீ. வீதம் குறையுங்கள். நல்ல காலைச் சற்று முன்னால் தள்ளி, பலவீனமான காலைப் பின்னால் வைத்தால் அந்தக் கால் கூடுதல் எடையை ஏற்றாக வேண்டும். பயிற்சியின் சாரமே அதுதான். இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொன்னபிறகு தொடங்குங்கள்.

அதற்காக முதல் நாளே வாட்டி எடுக்கக் கூடாது. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்த அவெர்ட் ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கிய தீவிரப் பயிற்சி, வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன் தரவில்லை. சற்றுக் குறைவாகவே தந்தது. தொடக்கத்தில் சிறிது நேரம், பலமுறை என்பதே நல்லது.

புறா இரத்தம் தேய்த்தால் கால் வந்துவிடும் என்று இன்னமும் சொல்கிறார்கள். தோலில் தேய்க்கும் எதுவும் மூளையிலிருந்து வரும் கட்டளையைச் சீராக்காது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக 4.5 மணி நேரமே அவகாசம்; புறா தேடுவதில் அது கரைந்துபோவதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆராய்ச்சிப் பணம் நடைப்பயிற்சி ரோபோக்களுக்குப் போகட்டும், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் ஓர் இயன்முறை மருத்துவரும் உயரம் மாற்றக்கூடிய இருக்கையும் இருப்பது அதைவிட அவசரம் என்பது என் கருத்து.

நடையில் இதே டிபியாலிஸ் கால்விரல்களைத் தரையில் உரசாமல் தூக்குகிறது. அது சோர்ந்தால் பாதம் தொங்கும். காலை வட்டமடித்து வீசி நடப்பார்கள். கணுக்கால் பட்டை அணிந்தால் பாதம் தாங்கப்படும். ஆனால் கணுக்காலை அசையவிடாத கெட்டிப் பட்டை, எழும்போது கணைக்கால் முன்சாய்வதையும் தடுத்துவிடும். எழும் பயிற்சியின்போது அதைக் கழற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்காருவதும் பயிற்சிதான். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கவேண்டிய வேலை அது; பலர் பாதி வழியில் கைவிட்டுப் பொத்தென்று விழுகிறார்கள். பிட்டம் இருக்கையைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, இரண்டு விநாடி தாங்கி, பிறகு இறங்கச் சொல்லுங்கள்.