சீனியைக் குறைத்தால் கல்லாகும் கஸ்தூரி ஐஸ்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் லீமாவ் கஸ்தூரி எனும் சிறு எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. வீட்டு வேலியோரம் ஒரு செடி காய்த்துக் கிடக்கும். இல்லையென்றால் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சாற்றில் ஐஸ் போடும்போது, உடம்புக்கு நல்லதென்று சீனியைப் பாதியாக்கிவிடுகிறோம். மறுநாள் கரண்டிதான் வளைகிறது.

சுத்தமான தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். நூற்றுக்கு 25 பங்கு சீனி கரைந்திருந்தால் முதல் பனித்துகள் உருவாகவே சுமார் மைனஸ் 2 வரை இறங்க வேண்டும். உறைவது தண்ணீர் மட்டுந்தான், சீனி ஒதுங்கிக்கொள்ளும். மிஞ்சிய பாகு கெட்டியாகக் கெட்டியாக அதன் உறைநிலையும் இறங்கிக்கொண்டே போகும். அதனால் ஐஸ் பெட்டியின் மைனஸ் 18 டிகிரியில்கூட மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பாகாகவே நிற்கும். துகள்களை ஒன்றோடொன்று இறுக விடாமல் வைப்பது அதுதான். சீனி 10 பங்கென்றால் அந்தப் பாகு ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது.

தண்ணீர் 600 மில்லி, சீனி 240 கிராம், வடிகட்டிய சாறு 120 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. ஒரு பழத்துக்கு ஒரு தேக்கரண்டி சாறு என்று வைத்தால் 25, 30 பழம் வேண்டும். விதையை நசுக்காதீர்கள், கசக்கும். பாதித் தண்ணீரில் சீனியைக் காய்ச்சிக் கரைத்து, மீதியைப் பச்சையாக ஊற்றி நன்றாக ஆறவிடுங்கள். சாறு கடைசியில்தான், சூட்டில் ஊற்றினால் வாசனை பறந்துவிடும். வாயில் விட்டால் திகட்டுகிறதா? சரியான அளவு அதுவே. குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கலாகத்தான் தெரியும்.

தராசு இல்லாத வீட்டில் கழுவிய புது முட்டையைக் கரைசலில் விடுங்கள். 20 காசு நாணயத்தின் அகலத்துக்கு ஓடு மேலே தெரிந்தால் சீனி போதும். முழுகினால் போதாது. பழைய முட்டை தண்ணீரிலேயே மிதக்கும், அதை நம்ப வேண்டாம்.

எவர்சில்வர் தட்டில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். முக்கால் மணி நேரத்தில் ஓரம் வெள்ளையாகும். அதை முள்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ளுங்கள். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை இதே வேலை. மூன்று நான்கு மணி நேரத்தில் ஈர மணல்போல உதிரும். சுரண்டாமல் விட்டால் மேலே சப்பென்ற வெள்ளைப் பாளம், அடியில் திகட்டும் பாகு. அப்படி ஆனாலும் கொட்ட வேண்டாம். உருக்கிக் கலக்கி மறுபடி வையுங்கள்.

பழைய ஒற்றைக் கதவு ஐஸ் பெட்டியில் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தால் உள்ளே மைனஸ் 6தான். இதே கலவை அங்கே பாதிக்கு மேல் பாகாகத் தளதளக்கும். அதற்கு மட்டும் சீனியை 150 கிராமாகக் குறைக்கலாம்.

அசாம் போய் எனும் உப்பிட்ட உலர்பிளம் பழம் போடுவதென்றால் இரண்டு போதும். அதிலுள்ள உப்பு சீனியைவிட முரட்டுத்தனமாக உறைநிலையை இறக்கும்: 1 கிராம் உப்பு ஏறக்குறைய 12 கிராம் சீனியின் வேலையைச் செய்யும். கையளவு அள்ளிப் போட்டால் விடிய விடிய வைத்தாலும் கூழ்தான்.

மூடி இறுக்கமான டப்பாவில் உள்பக்கமாக வையுங்கள். கதவோரம் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சிறு துகள்கள் உருகி, மறுபடி உறையும்போது பெரிய துகள்களோடு சேர்ந்துவிடும். ஒரு வாரத்தில் நறநறவென்று பல்லில் கடிபட்டால், மிக்சியில் ஒரு சுற்று விட்டுத் திரும்ப உறைய வைக்கலாம்.