கான்ஃபிகரேஷன்: கட்டமைப்பா, அமைவா?

"காம்போனென்ட் கட்டமைப்பில் பிழை." அப்பாச்சி கேமல் கற்றுத்தரும் ஒரு தமிழ்க் கையேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இந்த வரி இருக்கிறது. கான்ஃபிகரேஷன் என்பதைத்தான் அது 'கட்டமைப்பு' என்கிறது. காரைக்குடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளைகளும் இப்போது அதையே பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, கட்டமைப்புல ஏதோ போயிருச்சு" என்கிறார்கள். போய்ப் பார்த்தால் போனது ஓர் எழுத்து.

கேமல் என்பது ஒரு மென்பொருளிடமிருந்து செய்தியை வாங்கி, வேண்டியபடி மாற்றி, இன்னொன்றிடம் சேர்க்கும் திறமூலச் சட்டகம். 2007இல் வந்தது. எஃப்டிபி (கோப்பு அனுப்பும் முறை), காஃப்கா (செய்திகளை வாங்கி வைத்துக் கொடுக்கும் மென்பொருள்), டைமர் (குறித்த இடைவெளியில் கிளப்பிவிடுவது) என்று ஒவ்வொன்றோடும் பேசுவதற்கு ஒரு காம்போனென்ட் உண்டு. செய்தி போகும் தடம் ரூட். அந்தத் தடம் வெளியுலகைத் தொடும் இடம் எண்ட்பாயிண்ட். (அந்தக் கையேடு ஓரிடத்தில் 'ஒட்டகத்தை நிறுவவும்' என்கிறது. நல்ல வேளை, தீவனம் பற்றி எதுவும் சொல்லவில்லை.)

கான்ஃபிகரேஷனுக்கு மூலம் லத்தீன். 'கான்' என்றால் சேர்ந்து, 'ஃபிகுரா' என்றால் உருவம். ஆங்கிலத்தில் முதலில் கோள்கள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதைச் சொல்லத்தான் பயன்பட்டது. பிறகு வேதியியலுக்குப் போய், அப்புறம் கணினிக்கு வந்தது. எல்லாவற்றிலும் ஊடாடும் பொருள் ஒன்றுதான்: இருக்கிற உறுப்புகள் இப்போது எந்த நிலையில் நிற்கின்றன என்பது. புதிதாக எதையும் கட்டுவதல்ல.

'கட்டமைப்பு' இங்கேதான் இடறுகிறது. கட்டு, அமைப்பு இரண்டும் சேர்ந்த சொல் அது. கட்டு என்றால் என்னவென்று செட்டிநாட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். முகப்பு, வளவு (உள்முற்றம்), அதைத் தாண்டினால் இரண்டாங்கட்டு, அப்புறம் மூன்றாங்கட்டு. கட்டடம் எப்படி எழும்பியிருக்கிறது என்பதுதான் கட்டமைப்பு. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் எது மூத்தவருக்கு, எது இளையவருக்கு, எதற்கு யாரிடம் சாவி என்பது வேறு சங்கதி. அது மாறும்போது ஒரு செங்கலும் நகர்வதில்லை. கான்ஃபிகரேஷன் இந்த இரண்டாவது சங்கதி.

சும்மா சொல்லுக்காகச் சண்டை பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேமலில் இந்த வேறுபாடு தெரியாவிட்டால் ஒரு மதியமே போய்விடும். டைமர் எண்ட்பாயிண்டின் முகவரியில் 'பீரியட்' என்ற விருப்பத்தை எழுதும்போது நடுவே ஓர் எழுத்து விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமல் கிளம்பாமல் நின்று, எண்ட்பாயிண்டை உருவாக்க முடியவில்லை, ஓர் அளபுருவை (பாராமீட்டரை)ப் பொருத்த முடியவில்லை, எழுத்துக்கூட்டல் சரியா பார் என்று சொல்லும். இது அமைவுக் கோளாறு. டைமரும் ரூட்டும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. இன்னொரு பிழை, அந்தப் பெயரில் காம்போனென்டே கிடைக்கவில்லை என்பது. எஃப்டிபி என்று எழுதியிருப்பீர்கள், அதற்கான நிரல் அடங்கிய ஜார் கோப்பைத் திட்டத்தில் சேர்த்திருக்க மாட்டீர்கள். இதை வேண்டுமானால் கட்டமைப்புக் குறை என்று தாராளமாகச் சொல்லலாம். ஓர் அறையே கட்டப்படவில்லை. கையேடோ இரண்டுக்கும் 'கட்டமைப்புப் பிழை' என்று ஒரே சொல்லைப் போடுகிறது. படித்த பிள்ளை எழுத்துப்பிழையைத் திருத்தாமல் ஜாரை மாற்றி மாற்றி இறக்குகிறான்.

இதைவிடச் சிக்கலானது கடவுச்சொல். அதில் கூட்டல் குறி இருந்தால், முகவரியைப் பிரிக்கும்போது அது இடைவெளியாக மாறிவிடலாம். கடவுச்சொல்லை 'ரா' (RAW) என்று தொடங்கும் அடைப்புக்குள் போட்டால் உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எம்எல்லில் ரூட் எழுதுகிறவர்களுக்கு விருப்பங்களை இணைக்கும் ஆம்பர்சாண்ட் (&) குறியால் தனித் தலைவலி. அதை அப்படியே போட்டால் கோப்பையே படிக்காது. இவற்றில் எங்கே இருக்கிறது 'கட்டு'?

'உள்ளமைவு' என்பவர்கள் உண்டு. அடுத்த போட்டியாளர் அதுதான், கட்டமைப்பைவிட மோசம். 'உள்ளமைந்த' என்றால் தயாரிக்கும்போதே உள்ளே வைத்தது என்று தமிழில் நிலைத்துவிட்டது. உள்ளமைந்த கேமரா என்று செல்பேசிக் கடைக்காரரே சொல்கிறார். கான்ஃபிகரேஷன் அதற்கு நேர் எதிர், வெளியிலிருந்து நாம் கொடுப்பது. 'வடிவமைப்பு' என்றால் டிசைன். அதை இங்கே இழுத்தால் டிசைன் எங்கே போகும்? 'அமைப்பு' கெட்ட சொல்லல்ல, ஆனால் சங்கமும் அமைப்பு, சிஸ்டமும் அமைப்பு, செட்டிங்கும் அமைப்பு. சுமை தாங்காது.

என் கட்சி 'அமைவு'. அமை என்ற வினை நம்முடையது, அமைதி வரைக்கும் போகிற வேர். ஒன்று எப்படி அமைந்திருக்கிறதோ அந்த நிலை அமைவு. சேர்த்துச் சொல்லவும் எளிது. காம்போனென்டுக்குக் 'கூறு' போதும், கையேடு 'இறுதிப்புள்ளி' என்கிற எண்ட்பாயிண்டுக்கு 'முனை'. கூறு அமைவு, முனை அமைவு. கேமலில் இந்த இரண்டு அடுக்கும் உண்மையிலேயே உண்டு. காஃப்கா கூறில் புரோக்கர் (காஃப்கா சேவையகம்) முகவரியை ஒருமுறை கொடுத்தால் அதன் முனைகளெல்லாம் எடுத்துக்கொள்ளும். ஏதேனும் ஒரு முனையில் தனியாகக் கொடுத்தால் அங்கே அதுதான் செல்லும். 'கூறு அமைவைப் பார், பிறகு முனை அமைவைப் பார்' என்று ஒரே மூச்சில் சொல்லலாம். 'கூறின் கட்டமைப்பையும் இறுதிப்புள்ளியின் கட்டமைப்பையும் சரிபார்க்கவும்' என்பதற்குள் டீ ஆறிவிடும்.

தூய்மைவாதம் பேசவில்லை. கான்ஃபிக் என்று பேச்சில் சொல்லுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள். எழுதும்போது தமிழ்ச்சொல் போட்டால் அது ஆங்கிலத்தைவிடக் குழப்பக் கூடாது, அவ்வளவுதான். வரி வரியாகக் கையில் கொடுத்த பட்டியலைத் திரையைக்கூடப் பார்க்காமல் பெயர்ப்பவர்களால் வருகிற வினை இது. டிரபிள்ஷூட்டிங்குக்கு அவர்கள் போடுகிற 'சரிசெய்தல்' இன்னொன்று. சரிசெய்வது கடைசி வேலை. அதற்கு முன் பதிவுக் கோப்பில் (லாக்) காரணம் சொல்லும் வரியைத் தேடிப் படிக்க வேண்டும். பிழை தேடல் என்றால் என்ன குறைந்துவிடும்?

இறுதிப்புள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. எண்ட்பாயிண்ட் இறுதி மட்டுமல்ல, ரூட் தொடங்குவதும் அங்கிருந்துதான். முனை என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். போதாக்குறைக்கு, இந்தப் பக்கத்து நகரத்தார் வழக்கில் புள்ளி என்றால் கோயில் வரிக்கணக்கில் ஒரு குடும்பம். 'இறுதிப்புள்ளி கிடைக்கவில்லை' என்று இங்கே சத்தமாகப் படித்தால், வரி கட்டாமல் ஊரை விட்டுப் போனவர் யாரென்று விசாரிப்பார்கள்.