ஃபங்க் வாசிக்கக் கம்பி வாங்கும் முன்

இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை பிடித்து இரண்டு வாரம் இருக்கும். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பையன் பேஸ் கிட்டாரோடு நாகர்கோவிலில் என் பட்டறைக்கு வந்தான். கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவன். இப்போது நண்பர்களோடு சேர்ந்து, தாளத்தை முன்னே வைக்கும் அமெரிக்க இசையான ஃபங்க் பழகுகிறான். "அண்ணே, புதுக் கம்பி போட்டு ஒரு மாசங்கூட ஆகல. கட்டவெரலால ஸ்லாப் அடிச்சா சத்தம் மொத்துன்னு விழுது. இதவிட வெல கூடுன செட்டு எது நல்லது?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் துணியை, இருப்பதிலேயே தடித்த இ கம்பியின் அடியில் கொடுத்து, கழுத்து முனையிலுள்ள நட்டிலிருந்து உடம்பிலுள்ள பிரிட்ஜ் வரை ஓர் இழுப்பு இழுத்தேன். துணியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. பிரிட்ஜுக்குப் பக்கத்தில், உள்ளங்கை படியும் இடத்தில், கம்பியின் சுற்றுகளுக்கு நடுவே செம்புள்ளிகள்.

"கிட்டாரை எங்க மக்கா வைப்ப?"

"ஜன்னல் பக்கத்துல, ஸ்டாண்டுல."

ஜன்னலுக்கு வெளியே கடல்.

ஃபங்க்குக்கு எந்தக் கம்பி என்று தேடினால் கிடைக்கிற ஆலோசனையில் பெரும்பாலானது வேறு ஊர்க் காற்றுக்குச் சொன்னது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. இடவப்பாதி போனால் ஐப்பசி மழை. கடற்கரையில் காற்றோடு வரும் உப்பு, கம்பியில் உட்கார்ந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதோடு கைவியர்வையின் உப்பும் சேரும். ஆகவே என் பட்டறையில் பிராண்டு பற்றிய பேச்சு கடைசியில்தான். வலது கை என்ன செய்கிறது, கிட்டார் எங்கே தூங்குகிறது என்ற இரண்டையும் முதலில் கேட்பேன்.

வலது கையிலிருந்து தொடங்குவோம். ஃபங்க் என்றதும் பலருக்கும் ஸ்லாப்தான் நினைவுக்கு வரும். அதைப் பரப்பிய அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரகாம், அம்மாவோடு சேர்ந்து வாசித்த காலத்தில் டிரம்ஸ்காரர் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் கட்டைவிரலால் கம்பியை அடித்தும் சுட்டுவிரலால் சுண்டியும் வாசிக்க ஆரம்பித்தார். கட்டைவிரல் அடி பெரிய டிரம்மின் வேலையையும் சுண்டிய விரல் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் வேலையையும் பார்த்தன. தவில் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். தொப்பியில் விழும் குச்சியடியும் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் எழுப்பும் வெடிப்பும் ஒரே ஆளின் கையிலிருந்துதானே வருகின்றன? அந்த வெடிப்பு கேட்க வேண்டுமானால் கம்பியில் மேல்சுரங்கள், அதாவது மூலச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மெல்லிய உயர் சுரங்கள், உயிரோடு இருக்க வேண்டும். அழுக்கும் துருவும் முதலில் தின்பது அவற்றைத்தான். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரைப் போலக் கண்ணாடிச் சில்லு மாதிரிச் சத்தம் வேண்டும் என்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்குப் போவது இதனால்தான்.

ஆனால் விரலால் மட்டும் வாசிக்கிற ஃபங்க்கும் இருக்கிறது. அதன் வேர் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனிடம் போகிறது. மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாட்டுகளில் அவர் வாசித்தது, லா பெல்லா கம்பெனியின் தடித்த, வழவழப்பான ஃபிளாட் வவுண்ட் கம்பியில். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பளபளப்பே இல்லாத, 'தும்' என்று விழுந்து உடனே அடங்குகிற நாதம். கம்பி பழசானால் மோசம் என்ற விதி அவரிடம் செல்லாது. இன்றைக்கும் விரல் வாசிப்பில், குறிப்பாக இடது கையால் அமுக்கி ஒலியைக் கொல்லும் வாசிப்பில், சற்றே மங்கிய கம்பிதான் எனக்குப் பிடிக்கும். புதுக் கம்பியில் அமுக்கிய சுரத்துக்குக்கூட ஒரு வால் நீளும்.

சரி, கம்பியின் உடம்பைப் பார்ப்போம். நடுவில் எஃகு உள்கம்பி, அதன்மேல் சுற்றுக்கம்பி. உருண்டைக் கம்பியால் சுற்றினால் ரவுண்ட் வவுண்ட், பட்டையால் சுற்றினால் ஃபிளாட் வவுண்ட். ஸ்லாப்புக்கு ரவுண்ட் வவுண்ட்தான். அதில் அதிகம் விற்பது நிக்கல் பூசிய எஃகு. பளிச்சென்று இருக்கும், விரலை உரசாது, கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டான ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்காது. பூச்சு தேய்ந்த இடத்தில் மட்டும் துரு கண் திறக்கும். ஸ்டெயின்லெஸ் இன்னும் பளிச். ஆனால் சொரசொரப்பு, ஃப்ரெட்டும் வேகமாகத் தேயும். "ஸ்டெயின்லெஸ் போட்டாச்சு, இனி கடல் பயம் இல்ல" என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி. துரு தள்ளிப்போகும்; சுற்றுகளுக்குள் தோலின் எண்ணெயும் அழுக்கும் அடைவது நிற்காது. சத்தம் செத்துப்போக அது போதும்.

மேலே மெல்லிய பாலிமர் பூச்சோடு வரும் கோட்டட் கம்பிகளும் உண்டு. விலை அதிகம். தொடும்போது லேசாக வழுக்கும், கட்டைவிரல் அடி விழும் இடத்தில் பூச்சு மெல்லத் தேயும். இருந்தாலும் கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். சாதாரணச் செட்டே விலை கூடி நிற்கிறபோது அதை மாதாமாதம் மாற்ற யாரால் முடியும்? தக்கலை, மார்த்தாண்டம் என்று உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு இது அவ்வளவு கட்டாயம் இல்லை.

பழைய கம்பியைக் கொதிக்க வைத்தால் உயிர் வரும் என்பது பல காலமாக உள்ள வைத்தியம். உண்மைதான், எண்ணெயும் அழுக்கும் கரையும். தொழில் தொடங்கிய புதிதில் நானும் ஒரு செட்டை வீட்டு போர் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். முதல் நாள் புதுக் கம்பி தோற்றது. நாலாம் நாள் ஏ கம்பி உள்ளிருந்து துருப்பிடிக்க ஆரம்பித்தது. சுற்றுகளுக்குள் புகுந்த தண்ணீரை நான் உலர்த்தவே இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். துரு வராது, ஒப்புக்கொள்கிறேன். சத்தமும் வராது.

அடுத்தது தடிமன். செட்டின் மேல் 45–105 என்று போட்டிருந்தால், ஜி கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு, இ கம்பி 105 பங்கு. இந்தச் செட்டை வழக்கமான சுருதியில் ஏற்றினால் நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 80 கிலோ விசையில் இழுக்கும். ஸ்லாப் எளிதாக வரட்டும் என்று 40–95 போட்டால் பத்து கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். கழுத்து பின்னால் சாயும், முதல் சில ஃப்ரெட்டில் கம்பி கரகரக்கும். உடனே "கம்பி டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் பயமில்லை. நுழையவே இல்லையென்றால், கழுத்துக்குள் ஓடும் உலோகக் கோலான டிரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பழக்கமில்லாவிட்டால் பழகியவரிடம் கொடுங்கள். கம்பியின் தடிமன் மாறினால் பிரிட்ஜில் சுருதிச் சுத்தத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். முதல் செட் வாங்குகிறவர் என்ன செய்யலாம் என்றால், நிக்கல், ரவுண்ட் வவுண்ட், 45–105 அல்லது 45–100. அதில் ஆறு மாதம் வாசித்தால் உங்கள் கையே அடுத்ததைச் சொல்லும்.

நீளத்தையும் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம், லாங் ஸ்கேல். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கம்பியை ஒரு கடையில் தெரியாமல் கொடுத்துவிட, அதை லாங் ஸ்கேலில் ஏற்ற முயன்று என்னிடம் கொண்டுவந்தவர் உண்டு. தடித்த பகுதி நட்டைத் தாண்டவில்லை. கம்பியை வெட்டியும் விட்டார், திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

வெட்டுவதிலும் ஒன்று இருக்கிறது. முதலில் கம்பியை மடக்குங்கள், பிறகு வெட்டுங்கள். சில கம்பிகளில், முக்கியமாக உள்கம்பி உருண்டையாக இருப்பவற்றில், மடக்காமல் வெட்டினால் சுற்று நழுவித் தளர்ந்துவிடும். ஏற்றிய அன்றே செத்த சத்தம்தான். சுருதி முறுக்கும் தண்டில் இரண்டு மூன்று சுற்று, கீழ்நோக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்.

பையன் கதைக்கு வருகிறேன். பழைய செட்டைக் கழற்றிவிட்டு 45–105 கோட்டட் நிக்கல் போட்டோம். ஸ்டாண்டைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வாசிக்காத நேரத்தில் கிட்டார் பையின் ஜிப் மூடியிருக்க வேண்டும், உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடக்க வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பியின் மேலும் அடியிலும் காய்ந்த துணியால் ஓர் இழுப்பு. ரிகர்சல் இடைவேளையில் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றால் கையைக் கழுவிவிட்டுத்தான் கிட்டாரைத் தொட வேண்டும். இதைச் சொன்னபோது சிரித்தான். பையின் பக்கவாட்டு அறையில் ஒரு சிப்ஸ் பொட்டலம் இருந்தது.

"பழசத் தூரப் போட்டுரவா அண்ணே?"

"இ-யும் ஜி-யும் மட்டும் தொடச்சு, சுருட்டிப் பையில வை. திருவிழா ராத்திரி ஒம்பது மணிக்கு அறுந்தா பேஸ் கம்பிக்கு எங்க ஓடுவ?"