நின்றே கெட்டுப்போகும் கார்: பழைய கார்வெட் வாங்கியவர்களுக்கு

"அண்ணா, இதில் நல்ல சக்தியுள்ள எஞ்சின் ஒன்றை வைக்க எவ்வளவு செலவாகும்?"

சென்ற ஏப்ரலில் என் பட்டறை வாசலில் காரை நிறுத்திய தம்பி கேட்ட முதல் கேள்வி இது. டெட்ராய்ட் பக்கம் மென்பொருள் வேலை பார்ப்பவர். பல வருடம் சேமித்து 1976ஆம் ஆண்டு செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். சிவப்பு வண்ணம் பளபளத்தது, இருக்கைத் தோல் புதிதாகத் தைத்தது, ஓடிய தூரமும் குறைவு. நான் பதில் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்து பிரேக் பெடலை மிதித்தேன். பஞ்சு மெத்தையில் கால் வைத்தது போலப் பெடல் பாதித் தூரம் அமிழ்ந்து, அதன் பிறகுதான் பிடித்தது. மீண்டும் இரண்டு முறை மிதித்தபோது கொஞ்சம் மேலே வந்தது.

"இந்தப் பெடலோடு எவ்வளவு தூரம் ஓட்டி வந்தீர்கள், தம்பி?"

"நாற்பது மைல் இருக்கும். ஐ-75 நெடுஞ்சாலை வழியாகத்தான் வந்தேன்."

அன்று எஞ்சினைப் பற்றி நாங்கள் அதற்கு மேல் பேசவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்தப் பெடல்தான். மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் நம் ஆட்கள் பலர் இப்போது பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குகிறார்கள். அவர்கள் ஆசையோடு வாங்குவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் வாங்கிய முதல் வாரத்திலேயே கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட், புகைக்குழாய் என்று பட்டியல் போடுகிறார்கள். காரை நிறுத்தும் பாகங்களையும் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பாகங்களையும் யாரும் கேட்பதில்லை.

அந்த ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை கார்வெட்டில் பெரும்பாலான கார்களுக்கு 350 கன அங்குல எஞ்சின்தான். அதே அளவு எஞ்சின் 1970இல் எல்டி-1 என்ற உயர்சக்தி வடிவத்தில் 370 குதிரைசக்தி என்று விற்கப்பட்டது; 1975இல் அடிப்படை எஞ்சினுக்கு 165 என்று போட்டார்கள். இதைப் படித்ததும் பாதிச் சக்தியைத் திருடிவிட்டார்கள் என்றே தோன்றும். உண்மையில் அந்தச் சரிவில் ஒரு பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது. 1972 முதல் எஞ்சினைத் தனியாக மேசையில் ஓட்டி அளக்காமல், ஆல்டர்னேட்டர், காற்று வடிகட்டி, புகைக்குழாய் எல்லாம் பூட்டிய நிலையில் கிடைக்கும் சக்தியைக் கணக்கிட்டார்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்காக 1971இல் அழுத்த விகிதத்தைக் குறைத்ததும், 1975இல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்ததும் மீதிக் காரணங்கள். ஆக, காகிதத்தில் தெரிகிற அளவுக்கு அந்த எஞ்சின் சோனி அல்ல.

எனக்குப் பயம் அந்த எஞ்சினிடம் இல்லை. கார் நின்ற வருடங்களிடம்தான். ஆண்டுக்கு ஐந்தாறு மாதம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடி, மீதி நாளெல்லாம் கொட்டகையில் உறை போர்த்தி நிற்கும் கார் இது. "ஓட்டவே இல்லை, அப்படியே வைத்திருந்தேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது, நான் டார்ச் விளக்கைத் தேடுவேன்.

முதலில் பிரேக். 1965 முதல் 1982 வரை ஏறக்குறைய எல்லாக் கார்வெட்டிலும் ஒரே அமைப்புதான்: நான்கு சக்கரத்திலும் டிஸ்க், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன். அந்தக் காலத்துக்கு அது மிக நல்ல பிரேக். இன்றும் ஒழுங்காக இருந்தால் நன்றாகவே நிற்கும். அதன் பலவீனம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, காலிப்பரின் உள்சுவர் வெறும் வார்ப்பிரும்பு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் குளிர்காலம் முழுக்க அந்தச் சுவரில் தேங்கி நிற்கும்போது துரு குழிகுழியாக அரிக்கும். தம்பியின் காரில் பின்புற இடது காலிப்பரைப் பிளந்து, துடைத்து, விளக்கில் காட்டினேன். அம்மைத் தழும்பு போல ஊசிமுனைக் குழிகள், அவற்றின் நடுவே பிஸ்டன் சீல் உரசி உரசி ஏற்பட்ட மெல்லிய பளபளப்பு. விரல் நகத்தால் வருடினால் குழி ஒவ்வொன்றும் தட்டுப்படும். அந்தச் சுவரில் எவ்வளவு புதிய சீலைப் போட்டாலும் ஒரு பருவம்கூடத் தாங்காது. துருப்பிடிக்காத எஃகு உறை செருகிய காலிப்பர்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. இந்தக் காருக்கு நீங்கள் செய்யும் முதல் மேம்பாடு அதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது பலவீனம் கொஞ்சம் சூட்சுமமானது, பல பட்டறைகளே அதில் ஏமாந்துபோகின்றன. ஆயில் ஒரு சொட்டுகூடக் கசியாது. ஆனாலும் பெடல் வாரத்துக்கு வாரம் மென்மையாகிக்கொண்டே போகும். காற்றை வெளியேற்றினால் சரியாகும், நூறு மைல் ஓட்டினால் மறுபடி பஞ்சாகும். காரணம் டிஸ்க்கின் கோணல். இந்தக் காலிப்பரில் பிஸ்டனுக்குப் பின்னால் சிறு சுருள்வில் ஒன்று இருந்து, பிரேக் பேடை எப்போதும் டிஸ்க்கோடு ஒட்டியே வைத்திருக்கும். டிஸ்க் ஆடி ஆடிச் சுற்றினால் பிஸ்டனும் உள்ளே வெளியே என்று பம்பு போல அசையும். அந்த அசைவில் உதடு போன்ற சீல் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் டிஸ்க்கைச் சக்கர அச்சோடு ரிவெட் அடித்து, இரண்டையும் சேர்த்தே கடைந்தார்கள். பிற்காலத்தில் யாரோ அந்த ரிவெட்டைத் துளைத்தெடுத்துப் புது டிஸ்க்கை வெறுமனே மாட்டியிருப்பார்கள். நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் டயல் இண்டிகேட்டர் கருவியை வைத்து அளந்துபாருங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் ஆட்டம் இருந்தால் ஏற்கக் கூடாது. நான் அதற்கும் குறைவாக, மூன்றுக்குள் கொண்டுவந்த பிறகே விடுவேன். உதட்டு சீலுக்குப் பதில் வளைய சீல் போட்ட பிஸ்டன்கள் இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கின்றன.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். டாட் 3, டாட் 4 வகைகளோடு சிலிக்கோன் கொண்ட டாட் 5 வகையை ஒருபோதும் கலக்காதீர்கள். பெயர் குழப்பும்: டாட் 5.1 என்பது சிலிக்கோன் அல்ல, அது பழைய வகையைச் சேர்ந்தது. ரப்பர் பிரேக் ஹோஸ்களுக்கு வெளியே வெடிப்பு தெரியாவிட்டாலும் வயதாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். உட்புறம் வீங்கி அடைத்துக்கொண்டால் ஆயில் போகும், திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே ஓடிச் சூடேறும். பழைய பேடுகளின் தூசியில் கல்நார் இருக்கலாம். அதைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

அடுத்தது பின்சக்கரம். கார்வெட்டை வளர்த்த பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டண்டோவ் காலத்தில், 1963ஆம் ஆண்டு மாடலில் வந்த தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன்தான் சில மாற்றங்களோடு 1982 வரை தொடர்ந்தது. அதில் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் அரை ஆக்சிலே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. இதன் பொருளை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு கார்களில் ஆக்சிலின் கூட்டு மூட்டு உடைந்தால் பெரும்பாலும் கார் நகராமல் நிற்கும். இதில் உடைந்தால் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையே போய்விடுகிறது. மூட்டின் குப்பிகளைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று அர்த்தம். அந்த மூட்டோடு காரை வெளியே எடுக்காதீர்கள். பின்சக்கர பேரிங்குக்கு வெளியிலிருந்து கிரீஸ் ஏற்ற வழி வைக்கப்படவில்லை. அதனால் நாற்பது வருடம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். கையில் 'டக்' என்று தட்டினால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். அந்த பேரிங்கைச் சரியான தகடு போட்டு இடைவெளி அளந்து பொருத்தச் சிறப்புக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டிச் செய்கிற வேலை அல்ல.

தூக்கும்போது ஒரு விஷயம். ஜாக்கியை இரும்பு ஃபிரேமுக்கு அடியில் மட்டுமே வையுங்கள், ஃபைபர் கிளாஸ் உடலில் வைத்தால் பிளந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்காதீர்கள். தாங்கிகள் வைத்து, காரை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். இதைப் படிக்கிற ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது என்பதே இந்தக் காரின் பெரிய ஏமாற்று. தோல் துருப்பிடிக்காது, எலும்பு பிடிக்கும். பயணிகள் பகுதியைச் சுற்றி உள்ளே ஓர் எஃகுக் கூடு இருக்கிறது. இங்கே அதைப் பறவைக்கூண்டு என்பார்கள். முன்கண்ணாடியின் ஓரத்திலும் கழற்றும் கூரையின் விளிம்பிலும் கசியும் மழைநீர் அந்தக் கூண்டுக்குள் இறங்கி, கதவுக் கீல் தூணின் அடியில் தேங்குகிறது. மேலே வண்ணம் கண்ணாடி போல மின்னிக்கொண்டிருக்கும்போதே அடியில் தூண் செதில் செதிலாக உதிரும். கால் வைக்கும் இடத்தின் ஓரப் பலகையை நான்கைந்து திருகுகளில் கழற்றிவிடலாம். டார்ச் அடித்துப் பாருங்கள், திருப்புளியின் முனையால் குத்திப் பாருங்கள். வாங்குவதற்கு முன் இந்தப் பலகையைக் கழற்ற அனுமதிக்காதவரிடம் காரை வாங்காதீர்கள். கூண்டு அழுகியிருந்தால் சரிசெய்யும் செலவு காரின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

அடியில் ஓடும் ஃபிரேமில் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சட்டம் வளைந்து மேலே ஏறும் இடத்தைப் பாருங்கள். மண்ணும் உப்பும் சேர்ந்து ஊறுவது அங்கேதான். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிற ஊர் எங்களுடையது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்புக்கு இங்கே குறைவே இல்லை. சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெட்ரோலில் இப்போது பொதுவாகப் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை அது இளக்கிவிடும். ஹோஸ் மேல் 30ஆர்9 என்று அச்சிட்டிருப்பதை வாங்கிப் போடுங்கள், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் வையுங்கள். ஃபைபர் கிளாஸ் எரியத் தொடங்கினால் நேரமே தராது. டயரின் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தரையைத் தொடும் பொத்தான் வரிகள் ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயரைக் கழற்றிவிடுங்கள். விளக்கு மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றும் முன் எர்த் கம்பியைச் சுத்தம் செய்யுங்கள். இந்த உடல் வழியே மின்சாரம் திரும்பாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கம்பி இரும்புக்குப் போயாக வேண்டும். கார் சூடாகிறது என்று பெரிய ரேடியேட்டர் வாங்குவதற்கு முன், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள நுரைப் பட்டைகளும் மூக்குக்கு அடியிலுள்ள காற்றுத் தடுப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லையென்றால் காற்று ரேடியேட்டர் வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.

எஞ்சின் ஆயில் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். 1987 மாடலில் உருளை டேப்பெட் (கேம் ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) வரும் வரை இந்த எஞ்சின்களில் தட்டை டேப்பெட்தான். கேம் மீது அது உரசியே நகரும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த கலவை தேவை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக 2004க்குப் பிறகு புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் பாஸ்பரசின் உச்ச அளவை 0.08 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். புதுக் காருக்கு அது நல்லது. உங்கள் பழைய காருக்குத் தட்டை டேப்பெட்டுக்கென்று எழுதியுள்ள ஆயிலைத் தேடி வாங்குங்கள். கேம் மாற்றினால் எஞ்சின் உயிர்பெற்ற நொடியிலிருந்து இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அந்த இருபது நிமிடத்தில்தான் கேம் பிழைக்கிறதா என்பது முடிவாகும்.

இதெல்லாம் முடிந்த பிறகு சக்தியைப் பற்றிப் பேசலாம், நானே ஆர்வத்தோடு செய்துதருவேன். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் கியர்) உள்ள கியர்பாக்ஸ் நெடுஞ்சாலையில் எஞ்சினின் இரைச்சலைக் குறைக்கும். புது எஞ்சினைவிட அதில்தான் அதிக சந்தோஷம் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய பழைய பாகத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள். எஞ்சின் முகப்பில் காரின் எண்ணோடு பொருந்தும் எண் அடித்திருக்கிறது. அந்த எஞ்சினை உறையிட்டு வைத்திருந்தால் காரின் அடையாளம் உங்களிடமே இருக்கும்.

தம்பியின் காருக்கு நான்கு காலிப்பரும் மாற்றி, டிஸ்க் ஆட்டத்தைச் சரிசெய்து, அரை ஆக்சில்களுக்குப் புது மூட்டுகள் போட்டாயிற்று. கீல் தூண்கள் இரண்டும் நல்லபடியாக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். வலப்பக்கச் சட்டத்தின் வளைவில் மட்டும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இரும்பு வெட்டி ஒட்டும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. சனிக்கிழமைதோறும் வந்து காருக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கொள்கிறார். போன வாரம் இடப்பக்கச் சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தப் பக்கம் கணீர் என்கிறது" என்றார். நானும் தட்டிப் பார்த்தேன். கணீர் என்றுதான் கேட்டது.