கட்டிய கையை யார் பார்த்தது?

செவிலியர் பணியில் அறம் என்றதும் பலருக்கும் செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவதா, உறுப்பு தானமா என்பன போன்ற பெரிய கேள்விகள்தான் நினைவுக்கு வருகின்றன. வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு அவை எப்போதாவது வருபவை. உடம்பு துடைக்கும்போது திரையை முழுதாக இழுத்தோமா, நினைவில்லாதவரின் தலைமாட்டில் நின்று சொந்தக் கதை பேசுகிறோமா, நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரை விட்டுவிட்டு மகனிடம் சம்மதம் கேட்கிறோமா என்பவையோ ஒவ்வொரு ஷிஃப்டிலும் வருகின்றன. கேள்வியாகத் தெரியாததால் பதிலும் தேடப்படுவதில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மூக்குவழி உணவுக்குழாய் போட்டிருந்த ஒரு மூதாட்டி அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். துணியால் மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ‘ஒத்துழைக்கவில்லை, கை கட்டப்பட்டுள்ளது’ என்ற குறிப்பு ஷிஃப்டுக்கு ஷிஃப்டு அப்படியே கைமாறியது. வேலைக்குப் புதிதாக வந்த ஒரு செவிலி மட்டும் ஏன் பிடுங்குகிறார் என்று கேட்டார். பிளாஸ்திரியை மெதுவாக எடுத்துப் பார்த்தால், குழாய் மேல்நோக்கி இழுத்து ஒட்டப்பட்டு, மூக்குத் துவாரத்தின் ஓரம் அழுந்திப் புண்ணாகியிருந்தது. அழுத்தம் படாமல் குழாயை மாற்றி ஒட்டினார், வறண்டிருந்த வாயைத் துடைத்துவிட்டார், கட்டை அவிழ்த்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூதாட்டியின் கை அதன் பிறகு மூக்குப் பக்கம் போகவில்லை. அதுவரை அவரைப் பராமரித்தவர்கள் யாரும் கல்மனம் படைத்தவர்கள் அல்லர். குறிப்பில் இருந்த ‘ஒத்துழைக்கவில்லை’ அவர்களுக்குப் போதுமானதாகிவிட்டது.

உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் 1980களில் அறச்செயலை நான்கு கூறுகளாகப் பிரித்தார்: உணர்திறன், தீர்ப்பு, உந்துதல், மனவுறுதி. முதலில் நிற்பது உணர்திறன். இங்கே ஒரு மனிதருக்கு ஏதோ நேர்கிறது என்பதே கண்ணில் படாவிட்டால், நெறிமுறைகளை மனப்பாடமாக ஒப்பித்தும் பயனில்லை. பிசியோதெரபி, முதியோர் பராமரிப்பு என உடலைத் தொட்டுச் செய்யும் எல்லாப் பணிகளுக்கும் இது பொருந்தும்.

இந்த உணர்திறனுக்கு ஒரு விலையும் உண்டு. சரியானது எதுவென்று தெரிந்தும், நிறுவனத்தின் கட்டுப்பாடுகளால் செய்ய முடியாமல் தவிப்பதை ‘அறத்துயர்’ என்று 1984இல் மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேம்டன் அடையாளம் காட்டினார். ஒரே ஆள் ஒரு வார்டு முழுவதையும் பார்க்க வேண்டிய இரவுகளில், கவனிக்காமல் இருப்பதே மனதுக்குப் பாதுகாப்பாகிவிடுகிறது. மரத்துப்போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. போதிய ஆட்களைத் தராமல், ‘அன்பாக இருங்கள்’ என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பும் நிர்வாகத்தின்மீதுதான் கோபம் வருகிறது.

பொறுப்புச் செவிலியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஷிஃப்டு ஒப்படைக்கும்போது ‘ஒத்துழைக்கவில்லை’ என்று யார் சொன்னாலும், எதற்கு ஒத்துழைக்கவில்லை, அவரிடம் காரணம் கேட்டீர்களா என்று விசாரியுங்கள். கேட்க முடியாத நிலையில் இருந்தால், எங்கே வலிக்கிறது என்று அவருடைய உடம்பைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இப்படிக் கேள்வி கேட்கும் இளைய செவிலியை எல்லார் முன்னாலும் அடக்காதீர்கள். ஒருமுறை அடக்கப்பட்டவர் அடுத்த முறை பார்த்தாலும் சொல்ல மாட்டார்.